அத்தாவின் அம்பாசிடரும் மதுரையின் பழுதுபார்க்கும் மரபும்



மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளிலும் நம் சமுதாயத்து வீடுகள் சிலவற்றில் இன்றும் ஒரு காட்சியைக் காணலாம். வேப்பமரத்தடியில், கிழிந்த தார்ப்பாய்க்குள், சக்கரங்களில் காற்றிறங்கிய பழைய அம்பாசிடர் ஒன்று நிற்கும். அதை வாங்கியவர் மர்ஹூமாகியிருப்பார். பிள்ளைகளுக்கு விற்கவும் மனம் வராது, ஓட்டவும் இயலாது. பழைய இரும்புக்காரர் ஆண்டுக்கொருமுறை வந்து விலை கேட்டுச் செல்வார்.

எங்கள் வீட்டிலும் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது. 1978ஆம் ஆண்டின் மார்க் 3 அம்பாசிடர். எங்கள் அத்தாவின் மறைவுக்குப் பின் சகோதரர்கள் மூவரும் அதை வீட்டிலேயே சீர்செய்யத் தொடங்கியபோது முதல் நாளே ஒரு கேள்வி எழுந்தது. அத்தா வைத்திருந்தபடியே அதைக் காப்பதா, இன்றைய சாலைக்கு ஏற்றபடி மாற்றுவதா? மூத்தவர் ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது என்றார். இளையவர் புதிய எஞ்சினே பொருத்திவிடலாம் என்றார். இதற்கு விடை தேடியபோது, மதுரை மண்ணின் மோட்டார் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க நேர்ந்தது.

கரியில் ஓடிய வண்டிகள்

தென்னாட்டில் மோட்டார்ப் போக்குவரத்து வேரூன்றிய ஊர்களில் மதுரை முதன்மையானது. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1911இல் மதுரையை மையமாகக் கொண்டு தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பேருந்து ஓட்டுவதில் ஆரம்பித்த அந்நிறுவனம், நாளடைவில் வாகன விற்பனை, உதிரிபாகம், பட்டறை எனக் கிளை பரப்பியது. பேருந்து நாள்தோறும் நேரத்துக்கு ஓட வேண்டுமென்றால் அதைப் பழுதுபார்க்கும் கைகளும் அதே ஊரில் இருந்தாக வேண்டும். ஆகவே மோட்டாரோடு மெக்கானிக்குகளும் மதுரையில் பெருகினர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ எனும் கருவியை உருவாக்கியது. மரக்கரியைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் எரியக்கூடிய வாயு கிடைக்கும். அதை வடிகட்டிக் குளிர்வித்து எஞ்சினுக்குள் செலுத்துவதே இவ்வகைக் கருவியின் முறை. வேகமும் இழுவையும் குறையும். அடுப்பு சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். சாம்பலை அடிக்கடி அள்ள வேண்டும். ஆயினும் வண்டிகள் நின்றுவிடவில்லை.

பழைய வண்டியில் கைவைப்பதே அதற்குச் செய்யும் துரோகம் என்று எண்ணுவோருக்கு இவ்வரலாறு மறுமொழி கூறுகிறது. தேவை வந்தபோது மாற்றி அமைத்ததனாலேயே இவ்வட்டாரத்தில் வண்டிகள் தொடர்ந்து ஓடின.

பற்றாக்குறை கற்றுத்தந்த தொழில்

விடுதலைக்குப் பின் நிலைமை வேறுவிதமாக இறுகியது. 1928 முதல் பம்பாயில் கார்களை ஒருங்கிணைத்து விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், 1954இல் அதை மூடியது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இனி இடமுண்டு என்ற அரசின் கொள்கையே அதற்குக் காரணம். எஞ்சி நின்றவை சிலவே: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட்.

1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948இல் உத்தர்பாராவுக்கு இடம்பெயர்ந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் இறுதியில் அம்பாசிடரை வெளியிட்டது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே மக்கள் அதைப் பெற்றனர். அவ்வாறு கிடைத்த வண்டியை எளிதில் கைவிட எவருக்கும் மனம் வருமா? தேய்ந்த சிலிண்டருக்குப் போர் அடித்து, புதிய பிஸ்டன் ரிங் போட்டு, கிடைக்காத பாகத்தை லேத் பட்டறையில் கடைந்து ஓட்டினார்கள். வாங்க வழியற்ற காலம் செப்பனிடும் தொழிலை வளர்த்தது.

அம்பாசிடரும் தன்னளவில் மாறிக்கொண்டே வந்தது. பழைய பக்கவால்வு எஞ்சின் நீங்கி, 1,489 சி.சி. மேல்வால்வு எஞ்சின் வந்தது. மார்க் 2, மார்க் 3, 1979இல் மார்க் 4 எனப் பெயர்கள் தொடர்ந்தன. பிறகு டீசல் எஞ்சினும், 1990களில் இசுசூ எஞ்சினும் அதே கூட்டுக்குள் ஏறின. 2014 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும்வரை வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை. உள்ளே இருந்தவை பலமுறை மாறின.

நம் தெருக்களில் அந்த வண்டிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஒரு மஹல்லாவில் ஒரே ஒரு வீட்டில் கார் இருந்தால், அது அந்த வீட்டுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வது, மணமக்களை அழைத்து வருவது, வெளியூர் மய்யித்துக்கு உறவினரை ஏற்றிச்செல்வது எல்லாம் அதன் வேலை. நள்ளிரவில் எவர் கதவைத் தட்டினாலும் எங்கள் அத்தா கைலியோடு வந்து வண்டியை எடுப்பார். பெட்ரோலுக்குக் காசு வாங்கியதில்லை. நாங்கள் காக்க விரும்பியது இரும்பை மட்டுமன்று என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வார்கள்.

பட்டிக்கு அடியில் இருந்தது

வண்டி வெளித்தோற்றத்தில் பளபளப்பாகவே இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் டிங்கர் வேலையும் பெயின்டும் முடிந்திருந்தன. எங்களுக்கு உதவ வந்த முதிய மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சிறு காந்தம் ஒன்றை எடுத்தார். கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் அதை வைத்து நகர்த்தினார். நல்ல தகட்டில் காந்தம் ஒட்டியது. சில இடங்களில் ஒட்டாமல் நழுவி விழுந்தது. அங்கெல்லாம் தகடே இல்லை. தடித்த பட்டிதான் இருந்தது.

சுரண்டிப் பார்த்தபோது உள்ளம் பதறியது. துரு தின்ற ஓட்டைகளில் சாக்குத் துணியை அடைத்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்திருந்தார்கள். விரிப்பை நீக்கினால் ஓட்டுநரின் காலடித் தகட்டில் தரை தெரிந்தது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் சக்கரக் குழிக்குள் அப்பிக்கொண்டால் ஐப்பசி மழை ஈரத்தை நாள்கணக்கில் விடாது. அந்த ஈரம் துருவாகிவிடும்.

அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகடும், பக்கவாட்டு விளிம்புகளும், கூரைத் தூண்களும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட கூடே வண்டியின் முதுகெலும்பு. ஆகவே அந்த விளிம்பில் இருந்த ஓட்டை, மோதல் நேர்ந்தால் கூடு மடங்கும் இடம். அதே வண்டியில்தான் எங்கள் அத்தா பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிச் சென்றிருக்கிறார். அவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

அன்று எங்கள் நினைவுக்கு வந்தது, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று விற்பவர் கூறினார். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அவர்கள் எச்சரித்தார்கள். துருவின் மேல் பூசிய பட்டியும் நனைந்த தானியத்தின் மேல் பரப்பிய உலர்ந்த தானியமும் வேறுவேறல்ல. பழைய வண்டியை விற்கும் நம் சகோதரர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். குறையைச் சொல்லி விற்றால் விலை குறையும், பரக்கத் குறையாது.

எதைக் காப்பது, எதை மாற்றுவது

கேள்விக்கு விடை இங்கே தெளிந்தது. கண்ணுக்கும் நினைவுக்கும் உரியவற்றைக் காப்போம். உயிரைக் காப்பவற்றை மாற்றுவோம் என முடிவு செய்தோம். ஸ்டீயரிங் தண்டிலேயே அமைந்த கியர், நீண்ட முன்னிருக்கை, வட்ட விளக்குகள், அத்தாவின் கைபட்டு மெருகேறிய ஸ்டீயரிங் வளையம் ஆகியவை அப்படியே நிற்கின்றன.

துருப்பிடித்த தகடுகளை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி நீக்கி, புதுத் தகடு பற்றவைக்கச் செய்தோம். அதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியேற்றி, பேட்டரி இணைப்பையும் துண்டித்தோம். வீட்டில் இவ்வேலை செய்வோர் இவ்விரண்டையும் ஒருபோதும் மறக்கலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் கூடாது. உறுதியான ஸ்டாண்டு வேண்டும்.

பிரேக்கில் ரப்பர் வாஷர்கள், குழாய்கள், லைனிங் அனைத்தும் புதிதாயின. அந்நாளைய மார்க் 3இல் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே உண்டு. மாட்டுவண்டி ஓடிய சாலைக்குப் போதுமாயிருந்த அது, இன்றைய நான்குவழிச் சாலைக்குப் போதாது. ஆகவே வேகத்தையும் குறைத்துக்கொண்டோம். உறை வெடித்த பழைய ஒயரிங்கை முழுவதும் நீக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபியூஸ் வைத்தோம். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் வந்தது. முன்னிருக்கைக்கு சீட்பெல்ட் பொருத்தினோம். அதன் பிடிமானம் நல்ல தகட்டில் அமைய வேண்டும் என்பதால், தகட்டு வேலை முடிந்த பிறகே அதைச் செய்தோம்.

எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நாட்டில் நின்றது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தின் பாதுகாப்பை நம்பி அமைந்தவை. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வளையங்களைப் பொருத்திவிடுவது நல்லது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். கசியும் குழாய் தீவிபத்துக்கு வழி. சில நூறு ரூபாயில் தீரும் அந்த வேலையை எவரும் தள்ளிப்போட வேண்டாம்.

எஞ்சினும் சட்டமும்

டீசல் மலிவாயிருந்த காலத்தில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது நம் பகுதியில் வழக்கமாயிருந்தது. இன்று அதில் யோசனை வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி தேவை.

2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, கூடு, சட்டகம், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் காணாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எனும் எழுத்துகளுடன் தனிப் பதிவு கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். அது 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அவ்வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த இயலாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கே எடுத்துச்செல்லலாம். எங்கள் வண்டிக்கு 2028இல் 50 வயது நிறையும், இன்ஷா அல்லாஹ். எஞ்சினை மாற்றியிருந்தால் அந்த வாசல் அடைபட்டிருக்கும். இளையவர் இதைக் கேட்டுத் தம் ஆசையைக் கைவிட்டார். பழைய எஞ்சினையே செயின் பிளாக்கில் இறக்கி, போர் அடித்து, மீண்டும் ஏற்றினோம்.

வீண்விரயம் ஆகாமல்

ஒரு சொல் எச்சரிக்கை. பழைய காரைச் சீர்செய்வது நல்ல முயற்சியாக இருப்பதுபோலவே, எல்லை மீறினால் வீண்விரயமாகவும் ஆகும். கடன் வாங்கி, பிள்ளைகளின் கல்விப் பணத்தை எடுத்து, ஊரார் வியக்க வேண்டும் என்று குரோமியம் பூசுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. மாதந்தோறும் மிஞ்சியதைக் கொண்டே நாங்கள் வேலை செய்தோம். அதனால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொழுகை நேரம் வந்தால் ஸ்பேனரை வைத்துவிட வேண்டும் என்பதே மூத்தவர் விதித்த ஒரே நிபந்தனை.

நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்த இறைவன், கவசத்தின் வளையங்களை அளவறிந்து கோக்கும்படி பணித்ததை ஸபா அத்தியாயம் கூறுகிறது. இரும்பு வேலையிலும் அளவும் நேர்மையும் வேண்டும் என்பதை அதிலிருந்து நாம் பெற்றுக்கொள்கிறோம்.

வண்டி முதன்முதலாக வெளியே வந்த நாளில் அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி, பயண துஆ ஓதி, அத்தாவின் கப்ர் ஸியாரத்துக்குச் சென்றுவந்தோம். சீட்பெல்ட்டை மாட்டச் சொன்னபோது அம்மா, “உங்க அத்தா இருந்தா இதையெல்லாம் போடவா போறாங்க?” என்று சிரித்தார்கள். பிறகு போட்டுக்கொண்டார்கள்.

நம் பெரியோர் விட்டுச்சென்ற ஒவ்வொன்றும் நம் கையில் அமானிதம். அதன் குறைகளை மறைக்காமல் திருத்தி, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.