பனையேறி மகனும் பெரிய வீட்டுப் பெண்ணும்

இராஜாக்கமங்கலம் பக்கம் தோட்டத்தை 'விளை' என்பார்கள். அந்தக் குமரி மாவட்டத்துப் பனைவிளை கிராமம் ஒன்றின் காதல் கதைதான் 1964-ல் வெளியான 'புத்தம் வீடு' நாவல். எழுதியவர், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசன்.

லிஸி, நொடித்துப்போன பெரிய வீட்டுப் பெண். தங்கராஜ், பனையேறியின் மகன். இருவரும் ஒரே சாதி, ஒரே மதம். பிறகென்ன தடை என்கிறீர்களா? அந்தஸ்து! பனையேறி இறக்கித் தரும் பதநீர் இனிக்கும். அவன் வீட்டுச் சம்பந்தம் மட்டும் கசக்கும்!

வயசுக்கு வந்ததும் லிஸியின் படிப்பு நிற்கிறது, வீடே சிறை. தங்கராஜ் மீது கொலைப்பழி வேறு! அத்தனையும் தாண்டி இருவரும் கைப்பிடிக்கிறார்கள். நமக்கே மனசு நிறைந்துபோகும்.

சாதி தாண்டிய காதல்கள் நமக்குப் பழக்கம்தான். ஒரே சாதிக்குள்ளும் ஒரு பனை உயரத்துக்குச் சுவர் இருந்ததே, அதை நமக்குக் காட்டியவள் இந்த லிஸி!