திருவாடானைச் சிறையும் இருபத்து நான்கு மணி நேரமும்

1942 ஆகஸ்டுத் திங்களில் தேவகோட்டைப் பகுதி கொந்தளித்தது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஈடுபட்ட சின்ன அண்ணாமலை கைது செய்யப்பட்டுத் திருவாடானைச் சிறையில் அடைக்கப்பட்டார். சுற்றுவட்டார மக்கள் பெருந்திரளாகச் சென்று, சிறையை உடைத்து அவரை மீட்டனர். பின்னாளில் சென்னையில் 'தமிழ்ப் பண்ணை' பதிப்பகத்தை நிறுவியவர் அவரே.

இதனை நாம் வீரக்கதையாகச் சொல்லி மகிழ்கிறோம். அம்மக்கள் சட்டத்தின் கதவைத் தட்டாமல் சிறையின் கதவை உடைத்ததேன் என்று கேட்பதில்லை. கைதானவரை 24 மணி நேரத்திற்கு மேல் காவல் நிலையத்தில் வைத்திருக்கலாகாது என்னும் விதி 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. ஆனால் போர்க்கால இந்தியப் பாதுகாப்பு விதிகள், விசாரணையின்றியே ஒருவரைச் சிறைவைக்க அரசுக்கு வழி தந்தன. அரசு தந்ததை அரசே ஒதுக்கிவைக்க முடிந்தது.

அந்நிலையை மாற்றவே 1949 செப்டம்பரில் டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் ஒரு புதிய பிரிவை முன்மொழிந்தார். இன்று அது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. கைதுக்கான காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்படவும் கைதானவருக்கு அது உரிமை தந்தது. சிறைவாசம் கண்ட தலைவர்கள் நிறைந்த அதே சபை, தடுப்புக்காவலை இப்பாதுகாப்புக்குப் புறம்பாக விட்டுவைத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

எருசலேமில் சாட்டையடிக்கு ஆளாகவிருந்த புனித பவுல், விசாரணையின்றி உரோமைக் குடிமகனை அடிப்பது முறையாகுமா என்று கேட்டுத் தப்பினார். குடியுரிமை அற்றவனுக்கு அக்கேள்வி உதவியிராது. நம் 22-ஆம் பிரிவோ குடிமகன் என்று சொல்லவில்லை. எந்த ஆளுக்கும் என்கிறது. அகதிக்கும் அதில் இடமுண்டு.

ஏட்டில் இருந்த உரிமையை நடைமுறைக்குக் கொணர, டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளைகளை வகுத்தது. கைதுக் குறிப்பில் நேரமும் நாளும் எழுதப்பட வேண்டும். குடும்பத்தாரோ ஊரில் மதிப்புடைய ஒருவரோ அதில் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி சொல்லப்பட வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவற்றின் சாரம் இடம்பெற்றுள்ளது.

இத்தனைக்கும் பின், 2025 ஜூன் மாதம், நம் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில், நகைத் திருட்டுப் புகாரின்பேரில் அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார். காவலர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. அந்தக் காவலர்களுக்கும் 22-ஆம் பிரிவு பொருந்தியது. அதுவே சட்டத்தின் பெருமை. 'சும்மா விசாரணைதான்' என்னும் சொல்லில் அது வலுவிழப்பதே நம் துயரம். கைது என்று எழுதாதவரை குறிப்பும் இல்லை, கையொப்பமும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை.

ஆகவே அண்டை வீட்டார் ஒருவரைக் காவலர் அழைத்துச் செல்லும்போது, 'நமக்கேன் வம்பு' என்று கதவைச் சாத்துவது தகாது. எங்கே, எதற்காக, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் எண் உண்டு. அன்று ஒருவரை மீட்க ஊரே திரண்டு சிறையை உடைக்க வேண்டியிருந்தது. இன்று சட்டம் கேட்பது, காவல் நிலையம் வரை நடந்து சென்று சாட்சியாக நிற்கும் ஒருவரை.