முபிரோசின்: ஒரு களிம்பின் வரலாறு

சீழ்ப்புண், சிரங்கு என்று போனால் மருத்துவர்கள் எழுதித்தரும் களிம்புகளில் முபிரோசினும் ஒன்று. இந்தச் சின்ன ட்யூபுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது!

1959இல் மெதிசிலின் வந்தபோது, பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை அது ஒழித்துவிடும் என்று நம்பினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1961இல், அதற்கும் அசையாத கிருமி இங்கிலாந்தில் தென்பட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ.

பிரிட்டனின் பீச்சம் நிறுவன ஆய்வாளர்கள், சூடோமோனாஸ் ஃப்ளோரெசன்ஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் ஒரு பொருளைப் பற்றி 1971இல் அறிவித்தார்கள். முபிரோசின் என்பது பின்னாளில் வைத்த பெயர். கிருமி புரதம் தயாரிக்க ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் தேவை. அதைப் புரத வேலைக்குத் தயார்செய்து தரும் நொதியை இம்மருந்து அடைத்துவிடும். வேறு மருந்துகள் தொடாத இடம் என்பதால் எம்.ஆர்.எஸ்.ஏ.வும் இதற்குப் பணிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். ரத்தத்தில் கலந்தால் சீக்கிரமே சிதைந்து பயனற்றுப் போய்விடும். மாத்திரையாகவோ ஊசியாகவோ விற்க வழியில்லை. வேறொரு மருந்தாக இருந்தால் அப்போதே மூட்டை கட்டியிருப்பார்கள். இதைத் தோலுக்கு மட்டுமான களிம்பாக்கி 1985இல் பிரிட்டனில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். 1987இலேயே லண்டனில் இதை எதிர்க்கும் கிருமி பதிவானது! அடைபடாத இன்னொரு நொதியைச் செய்யும் மரபணுவைப் பெற்றிருந்தது அது. அந்த மரபணு பிளாஸ்மிட் என்ற வளையத்தில் ஏறி ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது.

இதன் பிறகும் 1991இல் நியூசிலாந்து, மருத்துவர் சீட்டே இல்லாமல் இந்தக் களிம்பைக் கடையில் விற்க அனுமதித்தது. வாங்குபவருக்கு வசதி, கடைக்காரருக்கு வியாபாரம். நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படும் என்றுதான் யாரும் பார்க்கவில்லை. 1999இல் அங்கு பரிசோதித்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளில் சுமார் 28 சதவீதம் முபிரோசினை எதிர்த்தன. 2000இல் மீண்டும் சீட்டு கட்டாயமானது. 2013க்குள் எதிர்ப்பு 11 சதவீதமாக இறங்கியது.

வெற்றிதானே என்று தோன்றும். ஆனால் புண் வருவது நிற்கவில்லையே! மருத்துவர்கள் ஃபுசிடிக் அமிலக் களிம்பை எழுதத் தொடங்கினார்கள். 1999இல் 17 சதவீதமாக இருந்த ஃபுசிடிக் அமில எதிர்ப்பு, 2013இல் 28 சதவீதத்தைத் தொட்டிருந்தது.