பயிலரங்கின் பலன்: காக்கிநாடா முதல் பெங்களூர் வரை

ஊழியர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி இரண்டு மூன்று நாள் பயிலரங்கு நடத்துவது நிறுவனங்களின் பழைய வழக்கம். அதனால் வேலை மேம்பட்டதா என்று அளந்து பார்ப்பது பிந்தி வந்த பழக்கம். கடைசி நாளில் படிவம் கொடுத்து, பிடித்திருந்ததா என்று கேட்பதோடு பலரும் நின்றுவிட்டனர். 1959இல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் இந்த மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலைக்குத் திரும்பியபின் கற்றதைச் செய்தாரா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. படிவம் தொடுவது முதல் படியை மட்டுமே.

நான்காம் படி ஏன் கடினம் என்பது காரைக்காலை அடுத்த மீனவ ஊரான காரைக்கால்மேட்டின் கடல் தொழிலை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை சீராக்குவதும் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பதும் நடக்கும். பயிற்சி வகுப்பு வைக்கவும் தோதான காலம் அதுதான். தடை நீங்கியதும் பாடு, அதாவது பிடிபடும் மீன், கூடினால், அதை வகுப்பின் பலன் என்று எழுதிவிட முடியுமா? இரண்டு மாதம் வலை விழாத கடலுக்கும் அதில் பங்குண்டு. வகுப்புக்கு வராமல் அதே நாளில் அதே கடலுக்குப் போன படகுகளின் பாட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

இத்தகைய ஒப்பீட்டை இந்தியாவில் முதன்முதலாக முயன்றவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட். அவர் தேர்ந்தெடுத்த ஊர், காரைக்காலைப் போலவே புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த ஏனாமுக்கு அருகிலுள்ள காக்கிநாடா. 1964இல் தொடங்கி அவ்வூர் வணிகர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஐதராபாத்தின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் சிறு குழுக்களாகத் தங்கிப் பயின்றனர். படத்தைப் பார்த்துக் கதை எழுதினர். எவ்வளவு தூரத்திலிருந்து எறிவது என்று தாமே முடிவுசெய்து வளையம் எறிந்தனர். எட்டக்கூடிய, ஆனால் எளிதல்லாத இலக்கைத் தேர்வதே பாடம். ஊர் திரும்பியபின் முதலீடு, வேலை நேரம், புதிய தொழில் முயற்சி ஆகியவை கணக்கிடப்பட்டன. பயின்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தொழிலில் புதிய சுறுசுறுப்புக் காட்டினர். பயிலாத ஒத்த வணிகர்களில் அது கால்வாசி அளவே. முடிவுகளை மெக்லெலண்டும் டேவிட் விண்டரும் 1969இல் நூலாக வெளியிட்டனர். எனினும் பயின்றவர்கள் முதலாளிகள். கூடிய வருவாய் அவர்கள் கைக்கே போனது.

கூலிக்கு உழைப்பவரைப் பற்றிய தெளிவான கணக்கு அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. பெங்களூரில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆடைத் தொழிற்சாலைகளில், பயிற்சி கேட்ட பெண் தொழிலாளர்களிலிருந்து குலுக்கல் முறையில் சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நேரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவது, மேற்பார்வையாளரிடம் தயங்காமல் பேசுவது, சிக்கலைத் தீர்ப்பது போன்றவை கற்பிக்கப்பட்டன. அத்வர்யு, காலா, நியஷதம் ஆகிய பொருளியலாளர்களின் ஆய்வின்படி, பயின்றவர்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிட 13.5 சதவீதம் கூடியது. பயிற்சி முடிந்த எட்டே மாதத்தில், செலவிட்ட பணத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் நிறுவனத்துக்கு நிகர ஆதாயம் கிடைத்தது. அந்தப் பெண்களின் கூலியோ அரை சதவீதம் அளவுக்கே ஏறியது.

இந்த அரை சதவீதம் மற்ற எல்லா எண்களையும்விடக் கவனத்துக்குரியது. கடலில் கணக்கு வேறு: விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவது உரிமையாளருக்கும் ஆட்களுக்குமாகப் பிரிகிறது. பாடு கூடினால் வலை இழுத்தவரின் பங்கும் அன்றைக்கே கூடுகிறது.