சிப்பாய்ப் பொத்தானும் ரயில்வே பொத்தானும்

பெரம்பலூர்ப் பக்கம் பழைய பட்டாளத்துப் பொத்தான் ஒன்று கிடைத்தால், ரஞ்சன்குடிக் கோட்டையும் 1751-இல் வாலிகண்டபுரத்தில் ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் தரப்பும் முகமது அலி தரப்பும் மோதிய சண்டையும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் பொத்தானில் படைப்பிரிவின் எண் இருந்தால் அது அந்தச் சண்டையில் உதிர்ந்ததாக இருக்க முடியாது. எண் பொறித்த பொத்தான் பிரிட்டிஷ் படைக்கே 1767-இல்தான் முறையாக வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது அதற்கும் பிறகு.

அரியலூரில் தேட வேண்டியது இன்னொரு பொத்தானை. 1884-இல் தொடங்கிய தென்னிந்திய ரயில்வே வாலண்டியர் படையில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஊழியர்கள் ரயில் வேலையோடு துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றார்கள். சிப்பாய்க்குப் படைதான் பிழைப்பு. இவர்களுக்கு அது கூடுதல் கடமை. அரியலூர் வழியாக கார்டு லைன் என்னும் குறுக்கு ரயில் பாதை வந்ததோ 1920களின் பிற்பகுதியில். அதற்குள் 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படை துணைப்படையின் அங்கமாகிவிட்டது. ஆகவே விக்டோரியா காலக் கிரீடம் பொறித்த பொத்தான் இவ்வூரில் கிடைத்தால், அது வேறெங்கோ அணிந்த பழைய சட்டையோடு வந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுவேன். பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் இல்லை. அங்கே ரயில்வே பொத்தான் கிடைத்தாலும் அது எப்படி வந்தது என்ற கேள்வி எழும்.

கிரீடத்தின் வளைவுகளைக் கவனியுங்கள். விக்டோரியா காலத்தில் அவை நடுவில் தாழ்ந்திருக்கும். 1901-க்குப் பிந்தைய மன்னர்கள் காலத்தில் மேல்நோக்கி உருண்டு எழும்பும். கிரீடமே இல்லாத பொத்தானுக்கு அது செய்யப்பட்ட முறையும் முதுகும்தான் சாட்சி. இரு தகடுகளை விளிம்பில் மடித்துச் சேர்க்கும் முறைக்கு பெஞ்சமின் சாண்டர்ஸ் 1813-இல் காப்புரிமை பெற்றார். அப்படிச் செய்த பொத்தான் அதற்கு முந்தையதாக இருப்பது அரிது. பின்புறம் தயாரிப்பாளர் பெயரோடு 'லிமிடெட்' என்றிருந்தால் அது 1855-க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் இங்கிலாந்தில் வரையறுத்த பொறுப்புச் சட்டம் வந்தது.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதிகாரியின் பொத்தானை அடையாளம் காட்டும் தங்கப்பூச்சு அதோடு போய்விடும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் அன்றே குறித்து வையுங்கள். ரஞ்சன்குடிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கே தோண்டுவது குற்றம். மற்ற இடங்களில் மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.