97 வயதில் ஓர் அறுவை சிகிச்சை



"எண்பதைத் தாண்டியவருக்கு இனி எதற்கு பைபாஸ்?" என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. அப்போதெல்லாம் எனக்கு டாக்டர் மைக்கேல் டிபேக்கியின் ஞாபகம் வரும்.

1908இல் அமெரிக்காவின் லூசியானாவில், லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். தையல், அம்மாவிடம் கற்றது. ஹூஸ்டனில் டாக்டராக இருந்தபோது நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டெக்ரான் என்று புதுத் துணி இருக்கிறது என்றார்கள். அதை வாங்கிவந்து வீட்டுத் தையல் மெஷினிலேயே செயற்கை ரத்தக்குழாய் தைத்தார். (தையல் வகுப்பைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தோமே!) 1964இல், கால் ரத்தக்குழாயை (சிரையை) எடுத்து இதயத்தில் பொருத்தும் பைபாஸை முதன்முதலில் செய்தவர்களில் அவருடைய குழுவும் ஒன்று. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தால் அதைச் சரிசெய்யும் முறையையும் 1950களில் அவர்தான் வகுத்தார்.

2005 டிசம்பர் 31. வயது 97. திடீரென்று கடும் நெஞ்சுவலி. என்னவென்று அவரே ஊகித்துவிட்டார்: அதே பெருந்தமனிக் கிழிசல். ஆபரேஷன் வேண்டாம் என்றார். பிழைத்தாலும் உடலோ புத்தியோ முடங்கிவிடுமோ என்ற பயம்.

பிப்ரவரியில் நினைவு தப்பியது. மருத்துவமனையின் மயக்க மருத்துவர்கள் கைவைக்க மறுத்தார்கள். வேண்டாமென்றவரை அறுப்பதா? நெறிமுறைக் குழு ராத்திரியில் கூடி விவாதித்தது. மனைவி கத்ரின் கூட்டத்துக்குள்ளேயே நுழைந்து, உடனே செய்யுங்கள் என்றார். குழு சம்மதித்தது. மயக்கம் கொடுக்க வேறொரு டாக்டர் வந்தார். நெடுநாள் சகாவான ஜார்ஜ் நூன் சுமார் ஏழு மணி நேரம் போராடி, டெக்ரான் குழாயைப் பொருத்தினார்.

இதோடு நிறுத்தி, "வயது தடையே இல்லை" என்று ஃபார்வர்டு செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன்பின் வாரக்கணக்கில் சுவாசக் கருவி, டயாலிசிஸ். ஒருவழியாக வீடு திரும்பச் செப்டம்பர் ஆனது. செலவு 10 லட்சம் டாலருக்கு மேல். எத்தனை குடும்பங்களால் முடியும்? பிழைத்தார் என்பதால் மட்டும் அவர் சொல்லை மீறியது சரியென்றும் ஆகிவிடாது. நம்மில் பலர் தங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. அவர் சொல்லியும் இவ்வளவு குழப்பம்.

ஆனாலும், செய்தது நல்லதுதான் என்று பின்னர் அவரே சொன்னார். மறுபடி வேலைக்குப் போனார். 2008 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை நேரில் வாங்கினார். ஜூலையில் இறந்தபோது, நூறு நிறைய இரண்டு மாதம் பாக்கி.