வெளிவராமல் போன சோனிக்

குன்னூர்ல மழை, பின்னாடி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு 'சோனிக் எக்ஸ்ட்ரீம்' கதை. சேகா சாட்டர்ன் கன்சோலுக்காக அமெரிக்காவில் உருவான முப்பரிமாண கேம். 1996 கிறிஸ்துமஸுக்கு வந்தே ஆகணும். லெவல்களுக்கு ஒரு குழு, பாஸ் சண்டைகளுக்கு இன்னொரு குழு; எஞ்சினும் தனித்தனி.

1996 மார்ச்சில் ஜப்பானிலிருந்து வந்த சேகா தலைவர் ஹயாவோ நகாயமாவுக்கு பாஸ் சண்டை மட்டும் பிடிச்சுப்போச்சு. மொத்த கேமையும் அந்த எஞ்சின்லயே பண்ணச் சொன்னார். ரிலீஸ் தேதி மட்டும் நகரலை.

இரவு பகலா உழைத்த புரோகிராமர் கிறிஸ் காஃபினுக்கு நிமோனியா. டிசைனர் கிறிஸ் சென்னும் படுத்துட்டார். கேம் ரத்து.

போன ரிலீஸுக்கு நானும் காய்ச்சலோட கோட் எழுதினேன். அன்னைக்குப் பெருமையா இருந்துச்சு. இந்தக் கதை படிச்சப்புறம் இல்ல.